பக்கத்து சீட்டு ஆள்

ஓசூர் சிப்காட் பக்கம் போய்ப் பரமசிவம் என்று விசாரித்தால் எந்தப் பரமசிவம் என்று திருப்பிக் கேட்பார்கள். பஸ் பரமசிவம் என்றால் உடனே வழி காட்டுவார்கள். மனிதருக்குச் சொந்தமாக இருப்பது ஒரு பழைய பைக் மட்டும்தான். ஆனாலும் அவர் பெயருக்கு முன்னால் பஸ் ஒட்டிக்கொண்டு பத்து வருஷம் ஆகிறது.

சாத்தூர்ப் பக்கத்துக்காரர். கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் மெஷின் ஓட்ட வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வந்த புதிதில் பெங்களூருவுக்கு ஒரு பாட்டுக் கச்சேரி பார்க்கப் போனார். திரும்பி வர பஸ் கிடைக்காதோ என்ற பயத்தில் நாலாவது பாட்டிலேயே எழுந்து வந்துவிட்டார். அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு ரொம்ப நாள் ஆறவில்லை. எட்டிப் பிடிக்கிற தூரத்தில் அவ்வளவு பெரிய ஊர், வாரம் தவறாமல் அங்கே ஒரு கச்சேரியோ திருவிழாவோ நடக்கிறது, இங்கே ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஷிஃப்ட் முடிந்ததும் ரூமில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறார்கள். இது என்ன நியாயம் என்று ஒரு நாள் தோன்றியது. நண்பர்கள் பத்துப் பேரைச் சேர்த்து ஒரு வேன் பிடித்தார். அடுத்த வருஷம் வேன் பஸ் ஆனது. கச்சேரி, மைசூர் தசரா, பெங்களூரு கரகத் திருவிழா, பசவனகுடியில் கூடும் கடலைக்காய்ப் பரிஷை என்னும் சந்தை என்று அவர் கூட்டிப் போகாத இடம் இல்லை. லாபம் என்று பெரிதாக எதுவும் நின்றதில்லை. பேர் நின்றது. அது அவருக்குப் போதுமானதாக இருந்தது, கொஞ்சம் அதிகமாகவே இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

அந்தப் பேரில் பாதி, பெண்கள் ஹாஸ்டல்கள் கொடுத்தது. கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண் பிள்ளைகள் தங்கும் ஹாஸ்டல்களில் 'இன் டைம்' என்று ஒரு சட்டம் உண்டு. ஒன்பது மணிக்கு கேட் சாத்தப்படும். அதற்குள் வராத பெண்ணின் வீட்டுக்கு போன் போகும். போன் போனால் மறுநாள் காலையில் அப்பா வந்து நிற்பார். ஆகவே வார்டன்கள் யாரையும் நம்பி வெளியூர் அனுப்ப மாட்டார்கள், பரமசிவத்தைத் தவிர. "பஸ் அண்ணன்கூடத் தானே? போயிட்டு வாங்க" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

இந்த நம்பிக்கைக்குக் காரணம் அவர் கண்டுபிடித்த ஒரு முறை. ஆரம்பத்தில் அவரும் எல்லோரையும் போல பஸ்ஸுக்குள் நடந்து தலை எண்ணிக்கொண்டுதான் இருந்தார். எண்ணும்போது ஒருத்தி எழுந்து ஜன்னலோரம் மாறுவாள், இன்னொருத்தி குனிந்து செருப்புத் தேடுவாள், முப்பது என்பது இருபத்தொன்பதாகும். ஒருமுறை மைசூரில் நாலு தரம் எண்ணி நாலு விடை வந்தது. பஸ்ஸே சிரித்தது. அதன் பிறகு எண்ணுவதை விட்டார். ஏறும்போதே ஜோடி ஜோடியாக உட்கார வைத்துவிடுவார். உன் பக்கத்து சீட்டு ஆளுக்கு நீதான் பொறுப்பு, உனக்கு அவள் பொறுப்பு. கிளம்பும்போது முன்னால் நின்று ஒரே கேள்வி: "எல்லாருக்கும் பக்கத்து சீட்டு ஆள் வந்தாச்சா?" ஒரே குரலில் பதில் வரும். பஸ் நகரும். அதுவரை எட்டு வருஷத்தில் ஒரு ஆள் தவறியதில்லை. இதை அவர் டீக்கடையில் சொல்லாத நாளும் இல்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கார்த்திகை மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடலைக்காய்ப் பரிஷைக்கு ஒரே ஹாஸ்டலிலிருந்து முப்பத்து மூன்று பெண்கள் வந்தார்கள். பதினாறு ஜோடி போக ஒருத்தி மிச்சம். ரஞ்சிதா என்று பெயர். குந்தாரப்பள்ளிப் பக்கத்துப் பெண், போன் பாகங்கள் பொருத்தும் கம்பெனியில் மூன்று வருஷமாக வேலை. தை மாசத்திலிருந்து அவளை லைன் லீடர் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அவளோடு வர வேண்டிய தோழிக்குக் காய்ச்சல், அதனால் தனியாக ஏறினாள். ஆண் பிள்ளை பக்கத்தில் பெண்ணை உட்கார வைப்பது பரமசிவத்துக்கு வழக்கமில்லை. ஆனால் ஜோடி இல்லாமல் மிச்சம் இருந்தது அவர் ஒருவர்தான். கடைசி வரிசையில் இருந்த தன் சீட்டுக்குப் பக்கத்து சீட்டை அவளுக்குக் கொடுத்தார்.

"நீ தாராளமா உக்காரும்மா. நான் எந்தக் காலத்துல உக்காந்திருக்கேன், முன்னாடி டிரைவர்கிட்ட நின்னுக்குவேன்."

"சரிங்கண்ணா" என்று அவள் ஜன்னலோரம் நகர்ந்துகொண்டாள். அவர் தன் பையை மட்டும் அந்த சீட்டில் வைத்துவிட்டு முன்னால் வந்துவிட்டார்.

பரிஷை நன்றாகத்தான் இருந்தது. சாலை முழுக்கக் கடலைக்காய்க் குவியல், ஜனநெரிசல், ஒரு மேடையில் பாட்டு. ஆறரை மணிக்கு பஸ் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தார். ஆறேகாலுக்கே பெரும்பாலோர் வந்து ஏறிவிட்டார்கள். பரமசிவம் வீட்டுக்கென்று வாங்கிய ஐந்து கிலோ கடலைக்காயைப் தன் பையோடு வைக்கச் சொல்லிக் கடைசி வரிசைக்கு ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்பினார். அப்போதுதான் டிராஃபிக் போலீஸ்காரர் பஸ்ஸைத் தட்டினார்.

"ஏ, காடி தெகீரி, தெகீரி." வண்டியை எடு என்று விரட்டல்.

டிரைவர் சிவராஜ் ஓசூர்க்காரர், கன்னடத்தில் இரண்டு மூன்று நிமிஷம் கெஞ்சிப் பார்த்தார். போலீஸ்காரர் நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுக்கக் கிளம்பினார். பரமசிவம் அவசரமாகத் திரும்பி, "எல்லாருக்கும் பக்கத்து சீட்டு ஆள் வந்தாச்சா?" என்றார்.

"வந்தாச்சு."

மணி ஆறு இருபது. பஸ் நகர்ந்தது.

சில்க் போர்டு சந்திப்பில் வழக்கம்போல நெரிசல். மாநில எல்லையான அத்திப்பள்ளி வந்துசேர எட்டு மணி ஆகிவிட்டது. இனி ஜூஜுவாடியைத் தாண்டினால் ஓசூர்தான் என்று எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஹாஸ்டல் வார்டன் முனிலட்சுமி, தெலுங்கு கலந்த தமிழில்.

"ஏமண்ணா இது? ரஞ்சிதா பஸ்ல இல்லயாமே. யாரோ கடலக்கா விக்கிற அம்மா போன்ல இருந்து அவங்க அப்பாவுக்குப் பேசியிருக்கா. பஸ் விட்டுட்டுப் போயிடுச்சுன்னு அழுவுதாம். அவர் என்கிட்ட சத்தம் போடுறாரு. நீங்க எத்தன மணிக்கு எடுத்தீங்க?"

பரமசிவம் திரும்பிப் பார்த்தார். கடைசி வரிசையில் அவருடைய பையும் கடலைக்காய் மூட்டையும் இருந்தன. அதற்கு அப்பால் ஜன்னலோரம் காலியாக இருந்தது. பஸ்ஸில் பாட்டு நின்று, முப்பத்திரண்டு பெண்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டு வருஷத்துப் பேர் அந்த ஒரு நிமிஷத்தில் கண் முன்னால் வந்து நின்றது.

"ஆறரைக்குத்தான் எடுத்தேன். டைமுக்குத்தான். அந்தப் பொண்ணு வரல" என்றார்.

சிவராஜ் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ஒருமுறை அவரைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார். பெண்களில் யாராவது மணி பார்த்திருக்கலாம். பார்த்தவர்களுக்கும் பஸ் அண்ணன் சொன்னதே சரியாகப் பட்டிருக்கும்.

ரஞ்சிதா அன்று பத்து மணிக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டாள். கடலைக்காய்க்கார அம்மா கூடவே வந்து ஓசூர் பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார். போனில் சார்ஜ் இல்லை, மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அப்பாவுடையது, அதனால்தான் அவருக்குப் பேசினாளாம். உருப்படியாக வந்தாளே என்று யாரும் நிம்மதியாகவில்லை. மறுநாள் காலையில் அப்பா சின்னராஜ் வந்தார். "ஆறரைக்கு முன்னாலயே வந்துட்டேம்பா, பஸ்ஸு இல்ல" என்று அவள் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பஸ்காரரே சொல்லிவிட்டாரே, அவர் ஏன் பொய் சொல்லப்போகிறார். பஸ்ஸை விட்டுவிட்டு இவள் யாரோடு எங்கே இருந்தாள் என்ற கேள்விதான் அவர் வாய்வரை வந்து நின்றது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகளைக் கூட்டிப்போனார். லைன் லீடர் வேலை வேறொருத்திக்குப் போனது.

இதெல்லாம் பரமசிவத்துக்கு முனிலட்சுமி சொல்லித்தான் தெரியும். சொல்லிவிட்டு அந்த அம்மாள், "உங்க மேல ஒரு தப்பும் இல்லண்ணா, நீங்க மனசுல வச்சுக்காதீங்க" என்று ஆறுதலும் சொன்னார். அந்த ஆறுதலைவிடச் செருப்பால் அடித்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

பத்து நிமிஷம்தானே என்று அவர் தனக்குத் தானே எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தார். போலீஸ்காரன் விரட்டினான், நான் என்ன செய்வேன். அவளும் சீக்கிரம் வந்திருக்கலாமே. போனில் சார்ஜ் வைத்திருக்கக் கூடாதா. மெஷினில் நிற்கும்போது இந்த வாதமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் ஒன்றும் நிற்கவில்லை. அந்தக் கடலைக்காயை வீட்டில் அவித்தபோது ஒரு காயைக்கூட அவர் வாயில் வைக்கவில்லை.

மாசி மாசம் இன்னொரு கச்சேரிக்கு பஸ் போட்டார். போடாமல் இருந்தால் கேள்வி வரும் என்பதற்காகவே போட்டார். பஸ் ஓசூரை விட்டுக் கிளம்பும்போது, கடைக்கு ஓடிய ஒரு பெண்ணைப் பார்த்து அவளுடைய ஜோடி ஜன்னல் வழியாகக் கத்தினாள்:

"ஏய், சீக்கிரம் வாடி. ரஞ்சிதா பண்ணிடாத."

பஸ் சிரித்தது. பரமசிவத்துக்கு விளங்கவில்லை. "என்னம்மா அது, ரஞ்சிதா பண்றது?" என்று கேட்டார்.

"அதாண்ணா, லேட் பண்றது. எங்க ஹாஸ்டல்ல அப்படித்தான் சொல்லுவோம். மெஸ்ஸுக்கு லேட்டா வந்தாலும் அதான்" என்றாள் அந்தப் பெண். ரஞ்சிதாவை அவள் பார்த்ததே கிடையாது. தை மாசம் சேர்ந்தவள்.

அன்றைக்குக் கச்சேரியில் யார் பாடினார்கள், என்ன பாடினார்கள் என்று கேட்டால் பரமசிவத்துக்குத் தெரியாது. ஒரு பெண்ணின் பேரை அவர் ஒரு கெட்ட வார்த்தையாக்கி ஊருக்குள் விட்டுவிட்டார். அது இனி அவர் இல்லாமலே நடந்து போகும்.

மறுநாள் மனைவி பொற்கொடியிடம் எல்லாவற்றையும் சொன்னார். பொற்கொடி அரிசி களைந்துகொண்டிருந்தார். நிறுத்தாமலே கேட்டு முடித்தார்.

"எங்கிட்டச் சொல்லி என்ன புண்ணியம்? நானா அந்தப் புள்ளையோட அப்பன்? போயி அங்க சொல்லுங்க."

"வெரட்டி விட்டுட்டா?"

"விட்டா திரும்பி வாங்க. அதுக்குப் பயந்தா இருக்கீக?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு குந்தாரப்பள்ளிக்குப் போனார். சந்தை மேட்டைத் தாண்டி உள்ளே மூன்று கிலோமீட்டர். மா மரங்கள் பூத்திருந்தன. சின்னராஜ் வீட்டை ஒட்டிய தோட்டத்தில் பூவுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். யாரென்று சொன்னதும் மருந்து டப்பாவை முதுகிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, கை கால் கழுவி, வேகமாக வந்தார்.

"பஸ்ஸண்ணனா? வாங்க வாங்க, குந்துங்க. மாதம்மா, டீ வை. நானே ஒசூருக்கு வந்து உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு இருந்தேன். எம் பொண்ணு பண்ணுன வேலைக்கு உங்களுக்குத்தானே கெட்ட பேரு. ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க."

திட்டுவார், கழுத்தைப் பிடிப்பார் என்றெல்லாம் வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்த மனிதருக்கு இது தாங்கவில்லை. அவர் மனைவி மாதம்மாள் டீ கொண்டுவந்து வைத்தார். பரமசிவம் அதைத் தொடாமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பஸ்ஸ நான் ஆறரைக்கு எடுக்கலீங்க. போலீஸ் விரட்டுனான், ஆறு இருபதுக்கே எடுத்துட்டேன். வார்டன் கேட்டப்ப பயத்துல மாத்திச் சொல்லிட்டேன். உங்க பொண்ணு டைமுக்குத்தான் வந்துருக்கா. அது சொன்னதுதான் நெசம்."

வீட்டுக்குப் பக்கவாட்டில் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்த ரஞ்சிதா எழுந்து வந்து கதவோரம் நின்றாள். கையெல்லாம் தக்காளிச் செடியின் பச்சைக் கறை. கண்ணீரையோ கோபத்தையோ எதிர்பார்த்து அவர் நிமிர்ந்தார். அவள் முகத்தில் இரண்டும் இல்லை.

"பத்து நிமிஷம் முன்னாடி எடுத்தீங்கன்னு எனக்குத் தெரியும்ணா. நான் வந்தப்ப போலீஸ்காரர் அங்கதான் நின்னுனு இருந்தாரு, அவரே சொன்னாரு. வெரட்டுனா எடுத்துத்தான் ஆகணும், அத நான் தப்பு சொல்லல" என்றாள். பிறகு, "நான் ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றாள்.

"கேளும்மா."

"பஸ் எடுக்கறப்போ பக்கத்து சீட்டு ஆள் வந்தாச்சான்னு கேட்டீங்களா?"

"கேட்டேம்மா. எல்லாரையும் கேட்டேன்."

"என் பக்கத்து சீட்டு யாருதுண்ணா?"

மூன்று மாசமாகப் பரமசிவம் அந்தப் பத்து நிமிஷத்தையே தூக்கிச் சுமந்துகொண்டிருந்தார். இந்தக் கேள்வியை ஒரு தடவைகூட அவர் தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை. பதினாறு ஜோடிக்கும் பொறுப்பைப் பங்கு போட்டுக் கொடுத்தவர், தன் பங்கை ஒரு கடலைக்காய் மூட்டையிடம் கொடுத்துவிட்டு முன்னால் போய் நின்றிருக்கிறார். 'வந்தாச்சு' என்று பஸ் சொன்னபோது, 'என் ஆள் வரல' என்று சொல்லவேண்டிய ஒரே ஆள் அவர்தான். அப்படிச் சொல்லியிருந்தால், பஸ்ஸை அனுப்பிவிட்டு அவராவது இறங்கி அங்கே நின்றிருப்பார்.

"என்னுதும்மா" என்றார்.

"அதத்தான் நான் ஹாஸ்டல்லயும் சொன்னேன். யாரும் கேக்கல" என்றாள் அவள். திரும்பிப்போய் மறுபடி தக்காளிக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

பரமசிவம் சின்னராஜைப் பார்த்தார். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று உட்கார்ந்திருந்தார். சின்னராஜ் அவரைத் திட்டவில்லை. பரமசிவம் அங்கே இருப்பதையே மறந்தவராகத் தெரிந்தார்.

"மூணு மாசமா எம் பொண்ணுகிட்ட நான் வாய் தொறந்து பேசலீங்க" என்றார். "ஒரே வூட்ல இருக்கோம். அவ சோறு போடுவா, நான் தின்னுட்டு எந்திரிச்சுப் போவேன். வாயத் தொறந்தா எங்க பொய் சொல்லுவாளோன்னு பேசவே இல்ல."

மாதம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார். பரமசிவம் எழுந்து கும்பிட்டார். டீ அப்படியே ஆறிக் கிடந்தது.

அடுத்த நாளே அவர் முனிலட்சுமியிடம் போய், மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி உள்ளதைச் சொன்னார். அந்த ஹாஸ்டலில் இப்போது அவர் பஸ்ஸுக்குக் கையெழுத்துப் போடுவதில்லை. பக்கத்து ஹாஸ்டல் ஒன்றும் நிறுத்திவிட்டது. அவர் யாரிடமும் போய்க் கேட்கவும் இல்லை. ரஞ்சிதா சித்திரையில் வேலைக்குத் திரும்பிவிட்டாள், பழைய லைனிலேயே, லைன் லீடராக அல்ல. அவர் பஸ்ஸில் அவள் இதுவரை ஏறவில்லை. 'ரஞ்சிதா பண்ணிடாத' என்ற பேச்சு நின்றதா என்று கேட்டால், குறைந்திருக்கிறது என்று சொல்கிறார்கள். மற்ற ஹாஸ்டல் பெண்களை ஏற்றிக்கொண்டு பஸ் இன்னும் போகிறது. கிளம்பும் முன் அவர் முதலில் கடைசி வரிசைவரை நடந்துபோய், "என் பக்கத்து சீட்டு ஆள் வந்தாச்சு" என்று தானே சத்தமாகச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் மற்றவர்களைக் கேட்கிறார். புதுப் பெண்கள் சிரிக்கிறார்கள்.

இவ்வளவும் செய்தாகிவிட்டது. ஆனாலும் அன்று மாந்தோப்பை விட்டுக் கிளம்பிய நேரம் அவரை விடுவதில்லை. பைக்கில் சாவியைப் போட்டுவிட்டுக் கிளப்பாமல் நின்றுகொண்டிருந்தார். பின்னால் சின்னராஜ் எழுந்து பக்கவாட்டுக்குப் போகும் செருப்புச் சத்தம் கேட்டது. சின்னராஜ் தொண்டையைக் கனைத்தார்.

"கண்ணு" என்றார். "சாப்டியா?"

பரமசிவம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். தக்காளிகள் ஒவ்வொன்றாகக் கூடையில் விழும் சத்தம் மட்டும்தான் கேட்டது.